உடைமையா, பயணமா? இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருசக்கர வாகனம்

ஆய்வுச்சுருக்கம்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருசக்கர மோட்டார் வாகனத்தை இரண்டு இடங்களில் வினவுகிறது. வீட்டுப்பட்டியலில் அது குடும்பத்தின் உடைமைகளுள் ஒன்று. தனிநபர் படிவத்தில் அது பணியிடத்திற்குச் செல்லும் வழிகளுள் ஒன்று. முதல் வினா எல்லாக் குடும்பங்களிடமும் கேட்கப்படுகிறது. இரண்டாவது வினா உழைப்போரில் ஒரு பகுதியினரிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. 2001, 2011 ஆகிய இரு கணக்கெடுப்புகளின் வினாக்களையும் முடிவுகளையும் ஒப்பிட்டு, இவ்விரு வினாக்களுக்கும் இடையே விடுபட்டுப்போன பயணங்கள் எவை, அவ்விடுபாட்டால் நேர்ந்த விளைவுகள் எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்க, பிரித்தானியக் கணக்கெடுப்புகளின் அனுபவமும் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இருசக்கர வாகனம், மொபெட், பணியிடப் பயணம், வீட்டுப்பட்டியல், சமூகப் பொருளாதாரச் சாதிவாரிக் கணக்கெடுப்பு

முன்னுரை

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் ‘வண்டி’ என்னும் சொல் இரண்டு தலைமுறைக்குள் பொருள் மாறியிருக்கிறது. அடைமொழி ஏதுமின்றி ‘வண்டி’ என்றால் ஒரு காலத்தில் மாட்டுவண்டியையே குறித்தது. இன்று ‘வண்டியில வந்தியா?’ என்று கேட்பவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ மொபெட்டோதான். ஊர்ப்புறத்தின் போக்குவரத்தில் நிகழ்ந்த பெரும் மாற்றத்தை இச்சொல்லின் வரலாறே உணர்த்திவிடுகிறது. அதே மாற்றத்தை அரசின் கணக்கேடு எவ்வாறு பதிவு செய்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவம் ஒரு நாடு தன்னைப் பற்றி எதை அறிய விரும்புகிறது என்பதைக் காட்டும் ஆவணமாகும். அதில் ஒரு பொருளுக்கு இடம் கிடைப்பதும், எந்தத் தலைப்பின் கீழ் கிடைக்கிறது என்பதும், யாரிடம் கேட்கப்படுகிறது என்பதும் தனித்தனி முடிவுகள். இருசக்கர வாகனத்தைப் பொறுத்தவரை இம்மூன்று முடிவுகளும் ஒரே திசையில் செல்லவில்லை. அவ்வேறுபாட்டைப் பின்தொடர்வதற்கு, கணக்கெடுப்புக்கு முன்னர் வண்டிகள் எவ்வாறு எண்ணப்பட்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வரியும் பதிவேடும்

ஆங்கிலேயர் ஆட்சியில் வண்டிகளை எண்ணும் வேலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வேலையாக இருக்கவில்லை. 1872இல் தொடங்கி, 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக நடந்துவந்த கணக்கெடுப்பு வயது, மதம், சாதி, மொழி, தொழில், எழுத்தறிவு முதலியவற்றைக் கேட்டது. வண்டிகள் வேறு ஏடுகளில் இடம்பெற்றன. 1919-20இல் தொடங்கிய கால்நடைக் கணக்கெடுப்பு மாடுகளோடு ஏர்களையும் வண்டிகளையும் எண்ணியது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டிகள்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு அளித்தது. மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்டி, அதற்கு அடையாளமாக உலோக வில்லையைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு சென்ற காலத்தை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். ஆக, வண்டி எண்ணப்பட்டது உழவுக் கருவியாக, அல்லது வரிக்குரிய பொருளாக.

மோட்டார் வாகனங்களும் இவ்வழியிலேயே வந்தன. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1988ஆம் ஆண்டின் சட்டமும் ஒவ்வொரு வாகனத்தையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. அப்பதிவேட்டின் தொகுப்பே நீண்ட காலம் இருசக்கர வாகனங்களைப் பற்றிய நாடளாவிய எண்ணிக்கையாக இருந்தது. 1951இல் இந்தியாவில் பதிவான மோட்டார் வாகனங்கள் ஏறத்தாழ 3 லட்சம். அவற்றுள் இருசக்கர வாகனங்கள் 27 ஆயிரம் மட்டுமே. 1971இல் அவை 5.76 லட்சம், 1981இல் 26 லட்சம், 1991இல் 1.42 கோடி, 2001இல் 3.86 கோடி, 2011இல் 10.19 கோடி. 1951இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த இருசக்கர வாகனம் 2011இல் பதிவான வாகனங்கள் அனைத்திலும் பத்தில் ஏழு பங்குக்கு மேல் ஆயிற்று.

இவ்வளர்ச்சியின் பின்னுள்ள தொழில் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றித் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. வடக்கிலும் மேற்கிலும் லாம்பிரெட்டா, வெஸ்பா, பின்னர் பஜாஜ் சேத்தக் ஆகிய ஸ்கூட்டர்கள் பரவின. உரிமக் கட்டுப்பாட்டின் காரணமாக ஒரு ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. 1972இல் புனேயிலிருந்து வந்த லூனாவும், 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் அந்த வரிசைக்கு வெளியே நின்ற மக்களிடம் சென்றன. குறிப்பாக டிவிஎஸ் 50 இருவர் அமரவும் சுமை ஏற்றவும் ஏற்றதாக இருந்தது. பால் கேன், புல்லுக்கட்டு, மீன் கூடை, பூக்கூடை, தண்ணீர்க் குடம் ஆகியவற்றைத் தாங்கிய அந்த மொபெட் தமிழகக் கிராமங்களில் மாட்டுவண்டி செய்த வேலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. ‘டிவிஎஸ் பிப்டி’ என்பது ஏறத்தாழப் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டோடு வந்த 100 சிசி மோட்டார் சைக்கிள்கள் இப்பரவலை மேலும் விரைவுபடுத்தின.

பதிவேடு இவற்றையெல்லாம் எண்ணியது. ஆனால் பதிவேட்டுக்கு ஒரு குறை உண்டு. வண்டி பிறக்கும்போது அதில் ஏறுகிறது. வண்டி இறக்கும்போது பெரும்பாலும் அதிலிருந்து இறங்குவதில்லை. உடைந்து பழைய இரும்புக் கடைக்குப் போன மொபெட்டும் ஏட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மேலும் வண்டி எந்த ஊரில் பதிவானது என்பதை ஏடு சொல்லும். எந்த வீட்டில் நிற்கிறது, அவ்வீட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு நிலம் உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பவற்றை அது சொல்லாது. அதற்கு வீடுவீடாகச் செல்லும் கணக்கெடுப்பே தேவைப்பட்டது.

2001: வீட்டுப்பட்டியலில் ஒரு கட்டம்

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியல் கட்டத்தில்தான் குடும்பத்தின் உடைமைகள் முதன்முறையாகக் கேட்கப்பட்டன. வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி ஆகியவற்றோடு மிதிவண்டி, ஸ்கூட்டர்/மோட்டார் சைக்கிள்/மொபெட், கார்/ஜீப்/வேன் ஆகிய மூன்று வாகன இனங்களும் அப்பட்டியலில் இருந்தன. வங்கிச் சேவை பெறுவதும் உடன் கேட்கப்பட்டது.

முடிவுகள் தெளிவான படம் ஒன்றைத் தந்தன. 2001இல் இந்தியக் குடும்பங்களில் 43.7 விழுக்காட்டினரிடம் மிதிவண்டியும், 11.7 விழுக்காட்டினரிடம் இருசக்கர மோட்டார் வாகனமும், 2.5 விழுக்காட்டினரிடம் காரும் இருந்தன. கேட்கப்பட்ட உடைமைகளுள் எதுவுமே இல்லாத குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பத்தாண்டுகளுக்குப் பின்னர் மிதிவண்டி 44.8 விழுக்காடாக ஏறத்தாழ அதே நிலையில் நின்றது, கார் 4.7 விழுக்காடாயிற்று. இருசக்கர வாகனமோ 21.0 விழுக்காட்டை எட்டியது. நகர்ப்புறத்தில் 35.2, ஊர்ப்புறத்தில் 14.3. தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பத்திடம் அது இருந்தது.

இவ்விழுக்காடுகளை எண்ணிக்கையாக மாற்றினால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, பதிவேட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள இடைவெளி. 2001இல் 19.2 கோடிக் குடும்பங்களில் 11.7 விழுக்காடு என்பது 2.25 கோடி, பதிவேட்டிலிருந்த இருசக்கர வாகனங்கள் 3.86 கோடி. 2011இல் 24.67 கோடிக் குடும்பங்களில் 21.0 விழுக்காடு என்பது 5.18 கோடி, பதிவேட்டில் 10.19 கோடி. ஒரே வீட்டில் இரண்டு மூன்று வண்டிகள் இருப்பது இவ்விடைவெளியின் ஒரு பகுதியை விளக்கும். கழித்துக் கட்டப்பட்ட வண்டிகள் ஏட்டில் தங்கிவிடுவது மற்றொரு பகுதியை விளக்கும். எந்தப் பகுதி எவ்வளவு என்பதை அறிய இயலாது. ஏனெனில் கணக்கெடுப்பு ‘உண்டா, இல்லையா’ என்று மட்டுமே கேட்டது, ‘எத்தனை’ என்று கேட்கவில்லை.

இரண்டாவது, வண்டியின் இருப்பிடம். 2011இல் இருசக்கர வாகனம் வைத்திருந்த 5.18 கோடிக் குடும்பங்களில் ஏறத்தாழ 2.4 கோடி ஊர்ப்புறத்தவை. விழுக்காட்டைப் பார்த்தால் அது நகரத்தின் பொருளாகத் தோன்றும். எண்ணிக்கையைப் பார்த்தால் ஏறத்தாழப் பாதி வண்டிகள் கிராமத்து வாசல்களில் நிற்கின்றன.

ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், மொபெட் ஆகிய மூன்றும் ஒரே கட்டத்தில் அடைக்கப்பட்டதையும் இங்கே கவனிக்க வேண்டும். புல்லட் ஓட்டும் நிலவுடைமையாளரும், பழைய மொபெட்டில் கருவாடு விற்கும் பெண்ணும் அக்கட்டத்தில் ஒரே விடையைத் தருகின்றனர். இதன் விளைவு எங்கே வெளிப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வேலைக்குச் செல்லும் வழி

உடைமை வினாவோடு, 2001இலும் 2011இலும் தனிநபர் படிவத்தில் பணியிடப் பயணம் பற்றிய வினாவும் இடம்பெற்றது. வீட்டிலிருந்து பணியிடத்தின் தொலைவு எவ்வளவு, எதில் செல்கிறீர் என்பவை கேட்கப்பட்டன. நடை, மிதிவண்டி, மொபெட்/ஸ்கூட்டர்/மோட்டார் சைக்கிள், கார்/ஜீப்/வேன், டெம்போ/ஆட்டோ/டாக்சி, பேருந்து, ரயில், நீர்வழி முதலியன விடைகளாகத் தரப்பட்டன. போக்குவரத்துத் திட்டமிடலுக்கு இதைவிடப் பயனுள்ள வினா கணக்கெடுப்பில் வேறில்லை எனலாம்.

ஆனால் இவ்வினா எல்லாரிடமும் கேட்கப்படவில்லை. கணக்கெடுப்பு உழைப்போரை நான்காகப் பிரிக்கிறது: பயிரிடுவோர், விவசாயக் கூலித் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிற பணியாளர். பயண வினா நான்காம் பிரிவினருக்கு மட்டுமே உரியது. 2011இல் உழைப்போர் 48.17 கோடிப் பேர். அவர்களுள் பயிரிடுவோர் 11.88 கோடி, விவசாயக் கூலித் தொழிலாளர் 14.43 கோடி, வீட்டுத் தொழில் செய்வோர் 1.83 கோடி, பிற பணியாளர் 20.04 கோடி. உழைப்போரில் பாதிக்கு மேற்பட்டவரிடமும், மாணவரிடமும், வீட்டுவேலை செய்யும் பெண்களிடமும், முதியோரிடமும் இவ்வினா கேட்கப்படவே இல்லை. நாட்டின் 121 கோடி மக்களில் கேட்கப்பட்டவர் நூற்றுக்குப் பதினேழு பேருக்கும் குறைவு.

இவ்வரையறையின் பின்னுள்ள எண்ணத்தை ஊகிக்கலாம். உழவர் தம் ஊர் வயலுக்கு நடந்து செல்பவர். கைவினைஞர் தம் வீட்டிலேயே தறி போட்டிருப்பவர். ஆகவே அவர்களுக்குப் ‘பணியிடப் பயணம்’ என ஒன்று இல்லை. வண்டி என்றால் மாட்டுவண்டி என்றிருந்த காலத்தின் ஊர் அமைப்புக்கு இது பொருந்தியிருக்கலாம். இன்று களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் தொழிலாளர் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர்களுக்குச் செல்கின்றனர். மோட்டார் சைக்கிளில் மூவராகவும், சிறு சரக்கு வண்டியில் கூட்டமாகவும் அவர்கள் செல்வதைக் காவிரிப் படுகையின் எந்தச் சாலையிலும் விடியற்காலையில் காணலாம். ஒரே மனிதர் ஆண்டின் பெரும்பகுதி கட்டட வேலைக்குப் போனால் அவருடைய மொபெட் கணக்கில் வரும். பெரும்பகுதி அறுவடைக்குப் போனால் வராது. சாலையும் வண்டியும் ஒன்றே. மாறுவது படிவத்தில் அவர் பெற்ற தொழிற்குறியீடு.

விடுபட்டவற்றின் அளவை ஓர் எளிய ஒப்பீட்டால் மதிப்பிடலாம். 2011இல் பிற பணியாளருள் இருசக்கர மோட்டார் வாகனத்தில் வேலைக்குச் சென்றவர் 12.7 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 2.54 கோடிப் பேர். நடந்து சென்றவரும் மிதிவண்டியில் சென்றவரும் இவர்களைவிட மிகுதி. பேருந்தில் சென்றவர் 2.28 கோடி, காரில் சென்றவர் 54 லட்சம். இப்போது வீட்டுப்பட்டியலுக்குத் திரும்புவோம். வண்டி வைத்திருந்த குடும்பங்கள் 5.18 கோடி. வண்டியில் வேலைக்குச் சென்றதாகப் பதிவான ஒவ்வொருவரும் வண்டியுள்ள வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றே வைத்துக்கொண்டாலும், 2.54 கோடிக் குடும்பங்களின் வண்டிகளுக்கே பயணக் கணக்கு உண்டு. எஞ்சிய 2.64 கோடிக் குடும்பங்கள், அதாவது வண்டி வைத்திருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர், எதற்காக அதை வைத்திருந்தனர், யார் அதை ஓட்டினர், எங்கே சென்றனர் என்பது குறித்து நாட்டின் மிகப்பெரிய கணக்கேட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஒரே வீட்டில் இருவர் வண்டியில் வேலைக்குச் சென்றிருந்தால், அல்லது அடுத்த வீட்டாரின் வண்டியில் ஒருவர் பின்னால் அமர்ந்து சென்றிருந்தால், இவ்வெற்றிடம் இன்னும் பெரிதாகும்.

மற்றொரு வரையறையும் உண்டு. படிவம் ஒருவருக்கு ஒரே ஒரு வழியை மட்டுமே ஏற்கிறது. அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு நாள்தோறும் ரயிலில் வருபவர், தம் ஊரிலிருந்து நிலையம்வரை மொபெட்டில் வந்திருப்பார். கணக்கில் அவர் ரயில் பயணி. நிலையத்திற்கு வெளியே நெருக்கியடித்து நிற்கும் இருசக்கர வாகனங்களின் வரிசை படிவத்திற்குத் தெரியாது. அவ்வரிசை தெரியாதபோது, ஊருக்கும் நிலையத்திற்கும் இடையே ஒரு சிற்றுந்து தேவை என்பதும் தெரியாது.

பிற நாடுகளின் அனுபவம்

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பணியிடப் பயண வழி 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முதன்முறையாகக் கேட்கப்பட்டது. அப்போது மோட்டார் சைக்கிளுக்குத் தனி விடை இல்லை. ‘பிற வழிகள்’ என்பதனுள் அது மறைந்திருந்தது. 1980இல்தான் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் தனித்தனி விடைகளாயின. 1980இல் 0.4 விழுக்காடாக இருந்த மோட்டார் சைக்கிள் பயணியர் பங்கு 1990இல் 0.2 ஆகவும் 2000இல் 0.1 ஆகவும் குறைந்தது. மிகச் சிறிய பங்காயினும் தனி விடை நீக்கப்படவில்லை. ஆயினும் குடும்பத்திற்குக் கிடைக்கும் வாகனங்களை எண்ணும் வினாவில் கார், வேன், சிறு சரக்குந்து ஆகியவையே அடங்கும். மோட்டார் சைக்கிள் அடங்காது.

பிரித்தானியாவில் பணியிடம் 1921இலேயே கேட்கப்பட்டது. பயண வழி 1966ஆம் ஆண்டு மாதிரிக் கணக்கெடுப்பில் சேர்ந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021ஆம் ஆண்டுப் படிவத்தில் பயண வழிகளுள் ‘மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் அல்லது மொபெட்’ என்பது உண்டு. ஆனால் வீட்டிலுள்ள வாகனங்களைக் கேட்கும் வினா கார்களையும் வேன்களையும் மட்டுமே எண்ணுகிறது. அதே படிவம் காரை ஓட்டிச் செல்பவரையும் காரில் உடன் செல்பவரையும் வெவ்வேறு விடைகளாகப் பிரிக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அவ்வாறு பிரிப்பதில்லை.

இவ்விரு நாடுகளிலும் இருசக்கர வாகனம் பயணமாக எண்ணப்படுகிறது, உடைமையாக எண்ணப்படுவதில்லை. இந்தியாவில் உடைமையாக முழுமையாகவும் பயணமாகக் குறையாகவும் எண்ணப்படுகிறது. காரே பொதுவான வாகனமாக உள்ள நாடுகளில் மோட்டார் சைக்கிள் ஒரு துணை. இந்தியாவில் பெரும்பான்மையான குடும்பங்களுக்கு முதல் மோட்டார் வாகனமே அதுதான். ஆகவே இங்கு அது செல்வ நிலையின் அளவுகோலாகக் கருதப்பட்டது. அக்கருத்து கணக்கேட்டோடு நின்றுவிடவில்லை.

ஒரு விடையின் விலை

2011இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொடர்ந்து, சமூகப் பொருளாதாரச் சாதிவாரிக் கணக்கெடுப்பு தனியாக நடத்தப்பட்டது. ஊர்ப்புறத்தில் வறியோரை அடையாளம் காண்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இதற்கு முன்னோடியாக ஆய்வு செய்த என். சி. சக்சேனா குழு, மூன்று அல்லது நான்கு சக்கர மோட்டார் வாகனம் உடைய குடும்பங்களை வறியோர் பட்டியலிலிருந்து விலக்கலாம் எனப் பரிந்துரைத்தது. கணக்கெடுப்பின் இறுதி விதியில் அது விரிந்தது. இரண்டு, மூன்று, நான்கு சக்கர மோட்டார் வாகனங்களுள் எதையேனும், அல்லது மீன்பிடிப் படகை உடைய குடும்பம் தானாகவே விலக்கப்படும் என்றாயிற்று. ஏறத்தாழ 17.9 கோடி ஊர்ப்புறக் குடும்பங்களில் ஐந்தில் ஒன்று இவ்வாகன, படகு விதியின் கீழ் வந்தது. அவற்றுள் பெரும்பாலானவை இருசக்கர வாகனம் மட்டும் உடையவை.

2016இல் தொடங்கிய ஊர்ப்புற வீட்டுவசதித் திட்டமான பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவில் பயனாளிகளைத் தேர்ந்தெடுக்க இப்பட்டியலே அடிப்படையாயிற்று. தலைச்சுமையாக மீன் விற்ற பெண் ஒரு பழைய மொபெட்டை வாங்கிச் சுற்றுவட்டாரத்துப் பத்து ஊர்களுக்குச் சென்று விற்கத் தொடங்கினால், அவருடைய குடிசை ஓட்டை உடைசலாகவே இருந்தாலும் அவர் வீட்டுக்குரிய தகுதியை இழந்தார். வறுமையிலிருந்து வெளியேற அவர் பயன்படுத்திய கருவியே அவர் வறியவரல்லர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அக்கருவி அவரை எங்கே கொண்டு சென்றது, என்ன ஈட்டித் தந்தது என்பதைக் கேட்கும் வினா எந்தப் படிவத்திலும் இல்லாதபோது, உடைமை என்ற ஒற்றை விடையே அவருக்காகப் பேசியது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேலும் இரண்டு கோடி வீடுகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, இருசக்கர வாகனத்தையும் மீன்பிடிப் படகையும் விலக்கு விதியிலிருந்து நீக்கியது. விதி திருத்தப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பாடம் மக்கள் மனத்தில் பதிந்திருக்கும்: கணக்கெடுக்க வருபவரிடம் வண்டி உண்டென்று சொன்னால் இழப்பு நேரலாம். சட்டப்படி இரு கணக்கெடுப்புகளும் வேறு. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தரப்படும் விடைகளின் மறைவைக் காக்கிறது. சாதிவாரிக் கணக்கெடுப்பு அச்சட்டத்தின் கீழ் நடத்தப்படவில்லை. வாசலில் நிற்கும் குடும்பத் தலைவிக்கு இவ்வேறுபாடு எவ்வாறு தெரியும்? இரண்டுக்கும் வருபவர் படிவத்தோடு வரும் அரசு ஊழியரே. உடைமை வினாவின் விடைகளை வருங்கால ஆய்வாளர் பயன்படுத்தும்போது இவ்வச்சத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பின்னிருக்கையும் சாலை இறப்பும்

குடும்பத்திடம் வண்டி உண்டா என்று கேட்பது, குடும்பத்திற்குள் அதை யார் பயன்படுத்துகிறார் என்பதை மறைத்துவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றது தமிழ்நாட்டின் சமூக வரலாற்றில் முதன்மையான நிகழ்வு. ஒரு வீட்டில் ஏற்கெனவே கணவரின் மிதிவண்டி இருந்து, அதை மனைவியும் ஓட்டக் கற்றார் என்றால், உடைமைக் கணக்கில் எந்த மாற்றமும் நிகழ்ந்திராது. மாறியது அவருடைய வாழ்க்கை.

மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். 1990களில் வந்த ஸ்கூட்டியும், 2000களில் பரவிய கியர் இல்லாத பிற ஸ்கூட்டர்களும் பெண்களின் வண்டியோட்டத்தைப் பெரிதும் விரிவாக்கின. தமிழ்நாடு அரசு 2018 பிப்ரவரியில் உழைக்கும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, 25 ஆயிரம் ரூபாய் வரம்புக்குள், மானியமாகத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. முன்னது வண்டியின் வழியாகவும் பின்னது பேருந்தின் வழியாகவும் பெண்களின் பயணத்தை ஆதரிக்கக் கொண்டுவரப்பட்டவை. இவற்றுள் எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய, வண்டியை ஓட்டும் பெண்கள் எத்தனை பேர், பின்னிருக்கையில் செல்பவர் எத்தனை பேர், இரண்டுமின்றி நடப்பவர் எத்தனை பேர் என்பது தெரிய வேண்டும். பயண வினா ஓட்டுநரையும் பின்னிருப்பவரையும் பிரிப்பதில்லை. குழந்தையைப் பள்ளிக்கும் மாமியாரை மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லும் பெண்ணிடம், அவர் ‘உழைப்பவர்’ அல்லர் என்பதால், அவ்வினா கேட்கப்படுவதே இல்லை.

சாலைப் பாதுகாப்பிலும் இதே குறை உண்டு. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர் 1,68,491 பேர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர், அதாவது 74,897 பேர், இருசக்கர வாகனத்தில் சென்றவர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. இறந்தோரின் எண்ணிக்கை காவல்துறையின் பதிவிலிருந்து கிடைக்கிறது. எத்தனை பேர் எவ்வளவு தூரம் பயணம் செய்ததில் இத்தனை பேர் இறந்தனர் என்ற விகிதத்தைக் கணக்கிட, கீழ் எண் வேண்டும். மிகைபட நிற்கும் பதிவேட்டையும், பாதியை விட்டுவிடும் பயணக் கணக்கையும் கொண்டு அக்கீழ் எண்ணைப் பெற இயலாது. எந்த மாவட்டத்தில் ஆபத்து மிகுதி, எந்த மாவட்டத்தில் வண்டிகளே மிகுதி என்று பிரித்தறியும் வழி அடைபட்டுப் போகிறது.

முடிவுரை

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்புக்காக 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வீட்டுப்பட்டியல் வினாக்களில் மிதிவண்டி, ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், மொபெட் ஆகிய நான்கும் ஒரே வரியில் இடம்பெற்றன. கார், ஜீப், வேன் அடுத்த வரியில். கொரோனாவால் தள்ளிப்போன அக்கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கப்பட்டது. ஒரு வரியில் கேட்கப்பட்டாலும் விடைகள் தனித்தனியே தொகுக்கப்படுவது இன்றியமையாதது. மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் கலந்துவிட்டால், 2001 முதல் கிடைத்துள்ள தொடர்ச்சி அறுந்துபோகும்.

இக்கட்டுரையின் ஆய்விலிருந்து நான்கு பரிந்துரைகளை முன்வைக்கலாம். பணியிடப் பயண வினாவைப் பயிரிடுவோர், விவசாயக் கூலித் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோரிடமும் கேட்க வேண்டும். கல்விநிலையத்திற்குச் செல்லும் மாணவரிடமும் அதைக் கேட்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் செல்பவர் ஓட்டுபவரா, பின்னிருப்பவரா என்பதைப் பிரிக்க ஒரு குறியீடு சேர்க்க வேண்டும். உடைமை வினாவில் மொபெட்டை மோட்டார் சைக்கிளிலிருந்து பிரித்து, எத்தனை என்பதையும் கேட்க வேண்டும். கோடிக்கணக்கான வீடுகளில் ஒரு வினாவைக் கூட்டுவது எளிய செயலன்று என்பது உண்மையே. முதலிரண்டு பரிந்துரைகளுக்குப் புதிய வினா எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள வினாவை யாரிடம் கேட்பது என்ற வரையறையை மாற்றினால் போதும்.

மாட்டுவண்டியைக் கால்நடைக் கணக்கெடுப்பு எண்ணியது, உழவின் கருவி என்ற முறையில். மிதிவண்டியை நகராட்சி எண்ணியது, வரிக்குரிய பொருள் என்ற முறையில். மோட்டார் வண்டியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணுகிறது, வீட்டின் உடைமை என்ற முறையில். வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் அவ்வண்டியில் செல்லும் மனிதரை எண்ணும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.